சகாரன்பூர்த் தோட்டமும் முர்தான் அலியும்

பூங்கா வேறு; தாவரத் தோட்டம் வேறு. உலாவப் போகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நிழல் உண்டு, மலர் உண்டு, புல்வெளி உண்டு. ஆனால் பூங்காவில் ஒரு மரம் பட்டுப்போனால் வேறொன்றை நட்டு அவ்விடத்தை நிரப்பிவிடலாம். தாவரத் தோட்டத்தில் அவ்வளவு எளிதாக முடியாது. அங்குள்ள மரத்துக்குப் பெயர் உண்டு. பிறந்த ஊர் உண்டு. எந்த ஆண்டில், எவ்விடத்திலிருந்து, யார் கையால் வந்தது என்ற குறிப்பும் உண்டு. குறிப்புத் தொலைந்தால் மரம் நிற்கும், தோட்டம் போய்விடும்.

இந்த வேறுபாட்டை நன்கு விளங்கிக்கொள்ள விரும்பும் ரூர்க்கி மாணவர் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. தொடர்வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் சகாரன்பூர் இருக்கிறது. காகிதத் தொழில்நுட்பம் பயிலும் நம் நண்பர்களுக்கு அதுவே வளாகம் அமைந்த ஊர். மரச் செதுக்கு வேலைக்கும் மாம்பழத்துக்கும் பெயர் பெற்ற அந்நகரில், ‘கம்பெனி பாக்’ என்று ஊரார் அழைக்கும் பழந்தோட்டம் ஒன்று உள்ளது. மாலையில் காற்று வாங்க வருவோர் பலர். இமயமலைச் செடிகொடிகளைப் பற்றிய அறிவு முறையாகத் தொகுக்கப்பட்ட தொடக்க இடங்களுள் இதுவும் ஒன்று என்பதை அறிந்து வருவோர் சிலரே.

இன்பம் தரும் தோட்டம்

கம்பெனியார் வருமுன்பே இங்குத் தோட்டம் இருந்தது. ‘ஃபரஹத் பக்ஷ்’ என்பது அதன் பெயர்; மகிழ்ச்சி அளிப்பது என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் இப்பகுதி ரோகில்லாத் தலைவர்களின் ஆட்சியில் இருந்தது. அவர்களுள் ஒருவராகிய ஜாபிதா கான், 1779இல் ஏழு ஊர்களின் வருவாயை இத்தோட்டத்தின் பராமரிப்புக்கென ஒதுக்கினார். அவர் மகன் குலாம் காதிர் வரலாற்றில் நற்பெயர் பெற்றவர் அல்லர். 1788இல் தில்லியில் முகலாய மன்னர் இரண்டாம் ஷா ஆலத்தின் கண்களைக் குருடாக்கிய கொடியவர் அவரே. அடுத்த ஆண்டே மராத்தியர் கையில் அவர் முடிவு நேர்ந்தது. ஆயினும் அவர் காலத்திலும், பின்வந்த மராத்தியர் காலத்திலும், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் கைகள் அடியோடு நின்றுவிடவில்லை. அரசர்கள் மாறினார்கள், ஏற்றம் இறைப்பவர்களும் மண் கொத்துபவர்களும் தொடர்ந்தார்கள்.

1803இல் இந்நிலப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. சகாரன்பூரில் மருத்துவராக இருந்த ஜார்ஜ் கோவன் என்பவர், இப்பழந்தோட்டத்தைத் தாவர ஆராய்ச்சிக்கு உரியதாக மாற்றலாம் என்ற கருத்தை முன்வைத்தார். ஹேஸ்டிங்ஸ் பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1817ஆம் ஆண்டளவில், அக்கருத்து ஏற்கப்பட்டது. கோவனே முதல் கண்காணிப்பாளர் ஆனார். மகிழ்ச்சிக்கென அமைந்த தோட்டம் இவ்வாறு பயன் தரும் தோட்டமாயிற்று. கம்பெனியார் வணிகர் அல்லவா? வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்கும் மருந்தையும் பிற பொருள்களையும் இந்நாட்டிலேயே விளைவிக்க முடியுமானால் அது அவர்களுக்கு இலாபம். கல்கத்தாவில் 1787 முதல் அவர்களுக்கு ஒரு தாவரத் தோட்டம் இருந்தது. ஆனால் வங்கத்தின் ஈரவெப்பத்தில் குளிர்நாட்டுச் செடிகள் பிழைப்பது அரிது. வடக்கே ஓரிடம் வேண்டியிருந்தது.

ஒரே பாத்தியில் இரு உலகம்

சகாரன்பூர் ஏன் தகுந்த இடமாயிற்று? இதனை ஆராய்ந்து விளக்கியவர் இரண்டாம் கண்காணிப்பாளராகிய ஜான் ஃபோர்ப்ஸ் ராயில். கான்பூரில் பிறந்து, மருத்துவம் பயின்று, 1823 முதல் 1831 வரை தோட்டத்தை நடத்தியவர்.

சகாரன்பூர் ஏறத்தாழ முப்பதாம் அட்சரேகையில், சமவெளியின் வடவிளிம்பில், சிவாலிக் குன்றுகளை நோக்கி அமைந்திருக்கிறது. மழைக்காலத்தில் இங்கு நிலவும் வெப்பமும் ஈரமும் நம் தென்னாட்டை நினைவூட்டும். அப்போது நெல் விளையும். ஐப்பசி கழிந்து பனி இறங்கினால் நிலை மாறிவிடும். அதே வயலில் கோதுமையும் வாற்கோதுமையும் விளையும். ஓராண்டுக்குள் ஒரே பாத்தி, முதலில் வெப்பநாட்டுச் செடிக்கும் பிறகு குளிர்நாட்டுச் செடிக்கும் இடம் தருகிறது. வடநாட்டு உழவர் கரீப் என்றும் ரபி என்றும் வழிவழியாக அறிந்திருந்த இவ்வுண்மையை ராயில் தாவர அறிவியலின் ஒரு கொள்கையாகக் கண்டார். எந்த நாட்டுச் செடியானாலும், அதன் தாயகத்தின் வெப்பநிலையையும் ஈரத்தையும் அறிந்தால், இந்தியாவில் அது எவ்விடத்தில், எப்பருவத்தில் வளரும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்பது அவர் துணிபு. ஓராண்டுச் செடிகளுக்குச் சகாரன்பூர்ப் பாத்தி போதும். கோடை வெயிலைத் தாங்காத மரங்களுக்கும் பல்லாண்டுச் செடிகளுக்கும் மலை வேண்டும். ஆகவே மசூரியில் ஒரு கிளைத் தோட்டமும் ஏற்பட்டது.

மருந்துச் செடிகளே முதற்பயனாக அமைந்தன. வலி தணிக்கும் குரசாணி ஓமம் இங்கு வளர்க்கப்பட்டு, அதன் சாறு கம்பெனியின் மருந்துக் கிடங்குகளுக்கு அனுப்பப்பட்டது. பேதிக்கு உதவும் நிலவாகையையும் ராயில் பயிரிட்டுப் பார்த்தார். கடைத்தெருவில் விற்ற காய்ந்த நிலவாகையில் கலந்திருந்த விதைகளைப் பொறுக்கியெடுத்து விதைத்தே அச்செடியை உண்டாக்கினார். அக்காலத்தில் நம் திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்பவர் பயிரிட்ட நிலவாகை ஐரோப்பியச் சந்தையில் உயர்ந்த மதிப்புப் பெற்றிருந்தது. இன்றும் மருந்து வணிகத்தில் அச்சரக்குத் திருநெல்வேலியின் பெயராலேயே வழங்குகிறது.

முர்தான் அலி

தாவரத் தோட்டத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று வெளியே மண்ணில் வளரும் உயிர்த் தொகுப்பு. மற்றொன்று அறைக்குள் தாளில் உறங்கும் உலர்ந்த தொகுப்பு; இதனை உலர் தாவரக் கூடம் எனலாம். செடியை வேரோடும் பூவோடும் எடுத்து, உறிஞ்சுதாள்களுக்கிடையே விரித்து, பாரம் வைத்து அழுத்துவார்கள். ஈரம் முற்றும் நீங்கும் வரை தாளை அடிக்கடி மாற்றவேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள் சோம்பினால் பூஞ்சணம் பிடித்துவிடும். உலர்ந்தபின் கனத்த தாளில் ஒட்டி, பெயர், இடம், நாள், திரட்டியவர் ஆகியவற்றை எழுதிவைப்பார்கள். பூச்சி அரிக்காமலும் காக்கவேண்டும். இவ்வாறு காத்த செடி இருநூறு ஆண்டு கழிந்தும் சான்று சொல்லும். ‘இச்செடி இன்ன மலையில் இன்ன மாதத்தில் பூத்தது’ என்பதற்கு அதைவிட உறுதியான ஆதாரம் இல்லை.

ராயில் மருத்துவப் பணியாலும் தோட்டப் பணியாலும் கட்டுண்டிருந்தார். மலைகளில் நினைத்தபோதெல்லாம் சுற்ற அவரால் இயலவில்லை. எனவே செடி திரட்டுவோரை அமர்த்தி இமயமலைக்கும் காசுமீரத்துக்கும் அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த செடிகள் சகாரன்பூரில் குவிந்தன. அவற்றைப் பிரித்து, பெயரிட்டு, அடுக்கிக் காத்தவர் முன்ஷி முர்தான் அலி. தாமும் செடி திரட்டியவர். உலர் தாவரக் கூடத்தின் காப்பாளர்.

ராயில் 1831இல் தோட்டப் பொறுப்பினின்று நீங்கினார். இங்கிலாந்து சேர்ந்து, இமயமலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1833 தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதிலுள்ள வண்ணப் படங்களைத் தீட்டியவர்களில் விஷ்ணு பிரசாத், லட்சுமண் சிங் என்னும் இந்திய ஓவியர் இருவர் பெயர்களும் காணப்படுகின்றன. அந்நூலில் கனாவாழைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினத்தைப் புதிதாக வகுத்த ராயில், அதற்கு ‘முர்தானியா’ என்று பெயரிட்டார். முர்தான் அலியின் நினைவாக இட்ட பெயர் அது.

இது சிறிய செய்தி அன்று. அக்காலத்தில் இந்தியச் செடிகளுக்கு ஆங்கிலப் பிரபுக்களின் பெயரும், கவர்னர்களின் மனைவியர் பெயரும் சூட்டப்பட்டன. செடியைக் கண்டறிந்து தோளில் சுமந்து வந்தவரின் பெயர் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. முர்தான் அலியின் பெயர் ஏறியது. தாவரவியலில் முறைப்படி இட்ட பெயரை அரசு மாறியது என்பதற்காக மாற்ற முடியாது. தெருப்பெயர் மாறும், நகரின் பெயரும் மாறும். முர்தானியா அப்படியே இருக்கிறது. இன்று உலகில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் அப்பெயரின்கீழ் வழங்குகின்றன.

காட்லியின் நண்பர்

1832இல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றவர் ஹியூ பால்கனர். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு. அதே காலத்தில் யமுனையின் கிழக்குக் கால்வாயைக் கண்காணித்துவந்த பொறியாளரை நாம் நன்கு அறிவோம். அவர்தாம் பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டி, ரூர்க்கியில் சோலானி ஆற்றின்மேல் அதனை நடத்திக் காட்டிய புரோபி காட்லி. தாவர நூலாரும் கால்வாய்ப் பொறியாளரும் நண்பர்களாயினர். இருவரும் சிவாலிக் குன்றுகளில் மண்ணைத் துருவிப் புதைபடிவ எலும்புகளைத் திரட்டினர். பழங்கால யானைகளும், மிகப்பெரிய ஆமையும், ஒட்டகச்சிவிங்கி இனத்தைச் சார்ந்த ‘சிவதேரியம்’ என்னும் பெருவிலங்கும் அவ்வாறு வெளிப்பட்டன. சிவபெருமான் பெயரைத் தாங்கிய அவ்விலங்கு 1836இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டே இலண்டன் நிலவியல் கழகம் இருவருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் அளித்தது.

பால்கனர் காசுமீரத்துக்கும் அதற்கு வடக்கேயும் பயணம் செய்தார். 1838இல் அஸ்தோர்ப் பள்ளத்தாக்கில், பெருங்காயம் தரும் செடியினங்களுள் ஒன்றை உயிரோடு கண்டு விவரித்தார். நம் வீட்டுச் சாம்பாரில் நாள்தோறும் மணக்கும் பொருள் எச்செடியின் பால் என்பது அதுவரை ஐரோப்பியத் தாவர நூலார்க்குத் தெளிவாகாத செய்தி. பெருங்காயத்தை நாம் இன்றும் பெரும்பாலும் இறக்குமதியே செய்கிறோம். ஈரானிலிருந்து வந்த விதையைக்கொண்டு இமாசலத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் ஆய்வு நிறுவனத்தார் நடவு தொடங்கியது 2020 அக்டோபரில்தான்.

பால்கனர் திரட்டிய உலர்செடிகளின் கதை வருந்தத்தக்கது. பெட்டி பெட்டியாக அவை இலண்டனுக்குச் சென்றன. கம்பெனி மாளிகையின் நிலவறையில் பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்தன. பின்னர்த் திறந்து பார்த்தபோது பெரும்பகுதி ஈரத்தால் பாழாகியிருந்தது. மலையேறித் திரட்டுவது பாதி வேலை. முர்தான் அலி போன்ற ஒருவர் உடனிருந்து காப்பது மறுபாதி. காப்பவர் இல்லாத இடத்தில் திரட்டியவரின் உழைப்பும் வீண்.

தேயிலை

சகாரன்பூர்த் தோட்டத்தின் பெயர் நாடெங்கும் பரவியது தேயிலையால். சீனத் தேயிலையை இமயச் சாரலில் பயிரிடலாம் என்று ராயில் 1827இலேயே அரசுக்கு எடுத்துரைத்தார். செடியின் தாயகத்து வானிலையையும் இமயச் சாரலின் வானிலையையும் ஒப்பிட்டுக் கண்ட முடிவு அது. 1834இல் பெண்டிங்க் பிரபு தேயிலைக் குழு ஒன்றை அமைத்தபோது, பால்கனரும் அதே கருத்தை வலியுறுத்தினார்.

சீனத்திலிருந்து வந்த விதைகளைக் கல்கத்தாத் தோட்டத்தில் முளைக்கச்செய்து, 42,000 நாற்றுகள் உண்டாக்கினர். அவற்றில் 20,000 அசாமுக்கும், 20,000 இமயச் சாரலுக்கும், 2,000 தென்னாட்டுக்கும் பங்கிடப்பட்டன. இமயச் சாரலுக்குரிய பங்கு பால்கனரின் மேற்பார்வைக்கு வந்தது. அல்மோரா அருகில் நாற்றுப் பண்ணைகள் தோன்றின. தென்னாட்டுக்குச் சென்றவற்றில் ஒரு பகுதி நீலகிரியிலுள்ள கேத்தி அரசுப் பண்ணையை அடைந்தது. கவனிப்பாரின்றிப் பல மடிந்தன, சில பிழைத்தன. உதகைப் பக்கம் இன்று நாம் காணும் தேயிலைச் சரிவுகளின் வரலாற்றில் முதற்பக்கம் அந்த நாற்றுகளே.

1842 முதல் 1875 வரை பொறுப்பிலிருந்த வில்லியம் ஜேம்சன் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தேயிலைக்கே செலவிட்டார். குமாவுன், கட்வால், டேராடூன் ஆகிய இடங்களில் அரசுத் தோட்டங்கள் பெருகின. நல்ல வகைச் செடிகள் போதாமையால், கம்பெனியார் ராபர்ட் பார்ச்சூன் என்பவரைச் சீனத்துக்கு அனுப்பினர். அவர் சீனர்போல் உடை தரித்து உள்நாட்டில் ஊடுருவி விதையும் நாற்றும் திரட்டினார். ஆனால் தேயிலை விதை நெடுங்கடல் பயணத்தில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். இதற்கு உதவியது வார்டு பெட்டி. காற்றுப்புகாமல் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணிட்டுச் செடி வைத்தால், இலையிலிருந்து ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணிலேயே இறங்கும். பல மாதம் நீர் ஊற்றாமலே செடி வாழும். பார்ச்சூன் இப்பெட்டிகளின் மண்ணில் விதைகளைத் தூவினார். பயணத்திலேயே அவை முளைத்தன. 1851 மார்ச்சில் கல்கத்தா சேர்ந்த பெட்டிகள், கங்கையில் நீராவிப் படகேறி அலகாபாத்துக்கும், அங்கிருந்து மாட்டுவண்டியில் சகாரன்பூருக்கும் வந்தன. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாற்றுகள் உயிரோடு வந்துசேர்ந்தன. தேயிலை பதப்படுத்தத் தெரிந்த சீனத் தொழிலாளரும் உடன் வந்தனர்.

விளைவு என்ன? குமாவுனும் டேராடூனும் தேயிலை நாடாக நிலைக்கவில்லை. மழை மிகுந்த அசாமில், அம்மண்ணுக்கே உரிய தேயிலை இனம் சீன இனத்தை விஞ்சியது. ஆனால் 1841இல் டார்ஜிலிங்கில் முதன்முதல் நட்ட தேயிலை, குமாவுனிலிருந்து சென்ற சீன இனத்தின் வித்தே. இன்று அவ்வூர்த் தேயிலைக்கு உலகில் உள்ள மதிப்பை நாம் அறிவோம். ஒரு தோட்டத்தின் உழைப்பு அதன் வேலிக்குள்ளேயே பலிக்கவேண்டும் என்பதில்லை.

பிரிந்த இரு பகுதிகள்

ஜேம்சனுக்குப் பின் வந்த டத்தி, ஏறத்தாழ 1903 வரை பணியாற்றினார். மேற்கங்கைச் சமவெளியின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூலே இன்றும் இப்பகுதிச் செடிகளை இனங்காண உதவும் அடிப்படை நூல். அவர் ஓய்வுக்குப் பின் தோட்டத்தின் போக்கு மாறியது. டேராடூனில் 1906இல் வன ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. 1908இல் சகாரன்பூரின் உலர் தாவரத் தொகுப்பு முழுவதும் அங்கு மாற்றப்பட்டது. இன்று மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட உலர்செடிகளைக் கொண்ட அக்கூடத்தின் பழமையான பகுதி சகாரன்பூர் தந்த சீதனமே. ராயில் கையோடு கொண்டுசென்ற செடிகள் இங்கிலாந்தில் லிவர்பூல் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஆக, மரங்கள் சகாரன்பூரில் நின்றன. அவற்றின் நினைவு டேராடூனுக்குச் சென்றது. தாவரத் தோட்டமாக இருந்தது பழத்தோட்டமாக மாறியது. இதனைத் தாழ்வென்று மட்டும் கொள்ளலாகாது. உத்தரப் பிரதேசத் தோட்டக்கலைத் துறையின் ஆய்வு, பயிற்சி நிலையமாக இத்தோட்டம் இன்றும் உழவர்க்குப் பயன்படுகிறது. மாவும் இலிச்சியும் பிற பழமரங்களும் இங்கு ஒட்டுக்கட்டிப் பெருக்கப்படுகின்றன. ‘சகாரன்பூர் பிரபாத்’ என்னும் பீச்சுப்பழ வகை இவ்வூரின் கொடை. பீச்சு மரத்தின் மொட்டு விழிப்பதற்குக் குறிப்பிட்ட அளவு குளிர்காலம் வேண்டும். அதனால் அது மலைநாட்டு மரமாகவே இருந்துவந்தது. குறைந்த குளிரே போதுமான இருவகைகளைக் கலந்து, சமவெளியில் கோடைத் தொடக்கத்திலேயே பழுக்கும் வகையை இங்கு உண்டாக்கினார்கள். எச்செடி எவ்வளவு குளிரை வேண்டும் என்று ராயில் எழுப்பிய வினாவே இங்கும் தொடர்கிறது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய மரங்களின்கீழ் நடந்து செல்பவருக்கு அவற்றின் கதையைச் சொல்வார் இல்லாவிட்டால் அவை வெறும் நிழல்தான். பூங்காவுக்கும் தாவரத் தோட்டத்துக்கும் இடையே நிற்பது ஒரு சிறு தாள். அத்தாளில் எழுதும் கை நின்றால், அரசர் அளித்த ஏழு ஊர் வருவாயும் கம்பெனியார் கொட்டிய பணமும் அதனை ஈடுசெய்யா.

பொறியியலும் அறிவியலும் பயிலும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அளவெடுத்ததை அன்றே எழுதிவைப்பது, மாதிரிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, பழைய ஏட்டைப் பூச்சியிலிருந்து காப்பது ஆகியவற்றைச் சில்லறை வேலை என்று நாம் எண்ணுகிறோம். கண்டுபிடிப்பை மட்டும் பெரிதாகக் கொள்கிறோம். காப்பவரின் வேலை இல்லையேல் கண்டவரின் வேலைக்குச் சான்று இல்லை. இதனைச் சகாரன்பூர்த் தோட்டம் இருவகையாலும் மெய்ப்பித்திருக்கிறது: நிலவறையில் மக்கிய பெட்டிகளாலும், டேராடூனில் இன்றும் நிறம் மங்கி நிலைத்திருக்கும் தாள்களாலும்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் மழைக்காலத்தில் வயல் வரப்பைச் சற்றே உற்றுப் பாருங்கள். ஈரமான இடங்களில், புல்லைப் போன்ற இலைகளோடு, இளநீல ஊதா நிறத்தில் மூன்று இதழ்கொண்ட மிகச்சிறு பூவொன்று தரையோடு தரையாகப் பூத்திருக்கும். உழவர் அதைக் களையென்று பிடுங்கி எறிவர். அதன் அறிவியற் பெயர் முர்தானியா. சகாரன்பூரில் தாள் மாற்றிச் செடி உலர்த்திய காப்பாளர் ஒருவரின் பெயரை நம் தஞ்சை வயலும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.